பள்ளத்தாக்குச் சுவரில் உறைந்த லாவாவைப் படத்தை வைத்தே படிக்க முடியுமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஒவாய்ஹி ஆற்றிலும் கிராண்ட் கேன்யனின் மேற்குப் பகுதியிலும் லாவா (எரிமலைக் குழம்பு) பள்ளத்தாக்குக்குள் வழிந்து ஆற்றையே அடைத்ததைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். அந்தச் சுவர்களை எதிர்க்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து ஒட்டிய கிகாபிக்சல் (நூறு கோடிக்கும் மேல் படப்புள்ளிகள் கொண்ட) பனோரமாக்களையும் பார்த்திருக்கிறீர்கள். இவை ஆய்வுக்கு உதவுமா, இல்லை மாட்டி வைத்துப் பார்க்கிற அழகுப் படங்கள்தானா, ட்ரோன் வந்த பிறகும் இவற்றுக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: ஏறிப் போய்த் தொட முடியாத ஒரு பாறையைப் பற்றி, படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் உறுதியாகப் பேசலாம்?

எந்தப் பாறை எந்தப் பாறையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது என்பதைப் பற்றி நிறையவே பேசலாம். எது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கூடுதல் அளவுகள் இருந்தால் பேசலாம். எது எவ்வளவு பழையது, இங்கே தெரியும் கரும்பாறையும் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தெரியும் கரும்பாறையும் ஒரே லாவாதானா என்பதைப் படத்தை வைத்துப் பேசவே கூடாது. பசால்ட் எனப்படும், லாவா உறைந்து ஆன கரும்பாறைகளைக் களத்தில் வரைபடமாக்குவதும், அதற்காகத் தொலைவிலிருந்து படம் எடுப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. வயது கணிக்கும் ஆய்வகத்தில் நான் வேலை செய்ததில்லை. ஆகவே கீழே வயதுகள் பற்றி வருவதெல்லாம் வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்துச் சொல்வது. படம் பற்றிச் சொல்வது என் கை அனுபவம்.

முதலில், பள்ளத்தாக்கு லாவா ஏன் இவ்வளவு சிக்கலானது என்று பார்த்துவிடலாம். சமவெளியில் லாவா ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவினால் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இதை முதலாண்டு மாணவரே சொல்லிவிடுவார். பள்ளத்தாக்கில் அந்த விதி அப்படியே செல்லாது. ஆறு ஏற்கெனவே 200 மீட்டர் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு லாவா உள்ளே வழிந்து பாதி உயரம் வரை நிரப்புகிறது. ஆறு அதை மறுபடி வெட்டி, இரண்டு பக்கச் சுவரிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை மட்டும் விட்டுவிட்டு இன்னும் கீழே போகிறது. அடுத்த லாவா அந்த ஆழமான அடிமட்டத்தில் வந்து தேங்குகிறது. இப்போது தாழ்வாக இருப்பதுதான் புதியது. அதற்கடுத்த லாவா பெரிதாக இருந்தால் இரண்டையும் மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கும். அப்போது உயரம் ஒரு வரிசையைச் சொல்லும், உண்மை வேறொரு வரிசையாக இருக்கும். கண்ணுக்கு உண்மை வரிசையைக் காட்டுவது இரண்டு பாறைகள் சந்திக்கும் கோடு மட்டும்தான். அந்தக் கோடு பெரும்பாலும் மனிதர் ஏற முடியாத செங்குத்துச் சுவரின் நடுவில்தான் இருக்கும். பனோரமாவுக்கு ஆய்வில் இடம் கிடைத்ததற்குக் காரணமே இதுதான்.

ஒவாய்ஹி நல்ல எடுத்துக்காட்டு. ஓரிகனின் தென்கிழக்கு மூலையில் ஓடி ஸ்னேக் ஆற்றில் சேரும் ஆறு அது. நிலவியலாளர் லிசா ஈலி தலைமையிலான குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 தொகுதி லாவா அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி ஆற்றை அடைத்திருக்கிறது. அவை இரண்டு காலங்களில் வந்தவை: ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒன்று, 2,50,000-லிருந்து 70,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை மற்றொன்று. கடைசியாக வந்த வெஸ்ட் கிரேட்டர் லாவா சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் அடைத்த அணை, ஆறு அதை வெட்டத் தொடங்குவதற்கு முன்பே குறைந்தது 25,000 ஆண்டுகள் நின்றிருக்கிறது. அப்புறம் இன்னொரு 35,000 ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி அரித்துப் போய்விட்டது. எந்த அணையும் திடீரென உடைந்து பெருவெள்ளம் விட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த முடிவு. தண்ணீர் அணையின் தலைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ வழிந்து போயிருக்கிறது. பின்னால் தேங்கிய ஏரி முழுவதும் வண்டலால் நிரம்பி, கூழாங்கற்கள் அணையைத் தாண்டி உருளத் தொடங்கிய பிறகே வெட்டு ஆரம்பித்திருக்கிறது. குறைந்தது மூன்று அணைகளுக்கு இதற்கான சான்று உண்டு.

இந்த முடிவுக்கு என்னென்ன சான்று தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். லாவாவின் தலையில் உருண்டையான ஆற்றுக் கூழாங்கற்கள் கிடக்க வேண்டும். அணைக்கு மேல்நீர்ப் பக்கத்தில் மெல்லிய ஏரி வண்டல் அடுக்குகள் இருக்க வேண்டும். அணையின் வடிவம் தெரிய வேண்டும்: ஒவாய்ஹி அணைகள் மேல்நீர்ப் பக்கம் செங்குத்தாக, மொட்டையாக முடிகின்றன; கீழ்நீர்ப் பக்கம் நீண்டு தாழ்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு பாறைத் துண்டை மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிகிற விஷயங்கள் அல்ல. கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுவரையும் அதில் உள்ள ஒரு கூழாங்கல்லையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். சாதாரண அகலக் கோணப் படத்தில் சுவர் தெரியும், கல் தெரியாது. தொலைநோக்கி லென்ஸில் கல் தெரியும், அது சுவரில் எங்கே இருக்கிறது என்பது தொலைந்துவிடும். கிகாபிக்சல் பனோரமாவில் இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கின்றன.

எண்களில் சொன்னால் இது தெளிவாகும். உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் 4 மைக்ரான் அகலம் என்று கொள்வோம். 300 மி.மீ. லென்ஸ் போட்டால், 1 கிலோமீட்டர் தூரத்துச் சுவரில் ஒரு பிக்சல் சுமார் 1.3 செ.மீ. அகலத்தைக் குறிக்கும். அதே கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால் ஒரு பிக்சலுக்கு 17 செ.மீ. தண்ணீருக்குள் லாவா பாய்ந்தால் உருண்டு திரளும் தலையணை லாவா ஒன்று 60 செ.மீ. அகலம் என்றால், முதல் படத்தில் அதற்கு 45 பிக்சல் கிடைக்கும், இரண்டாவதில் மூன்று நான்குதான். 45 பிக்சலில் அதன் வளைந்த மேல்தோலும், கீழே உள்ள இடுக்குக்குள் அது தொங்கி இறங்கியிருப்பதும் தெரியும். மூன்று பிக்சலில் அது ஒரு கறை, அவ்வளவுதான். 120 பாகை அகலமும் 20 பாகை உயரமும் உள்ள சுவரை முழுச்சட்டக் கேமராவில் (36 மி.மீ. அகல உணரி கொண்டது) 300 மி.மீ. லென்ஸ் கொண்டு, 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்தால் சுமார் 150 படங்கள் ஆகும். ஒட்டிய பிறகு ஏறத்தாழ 400 கோடி பிக்சல். கையால் திருப்பித் திருப்பி எடுப்பது கடினம் என்பதால்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையமும் சேர்ந்து கிகாபான் என்ற தானியங்கித் தாங்கியை உருவாக்கின. சாதாரணக் கேமராவை அதில் பொருத்தினால் அதுவே திரும்பி எடுத்துக்கொள்ளும். செவ்வாயில் 2004-ல் இறங்கிய ஊர்திகளின் பனோரமா வேலையிலிருந்து வந்த யோசனை அது. அங்கேயும் யாரும் ஏறிப் போய்ப் பாறையைத் தொட முடியாதல்லவா.

சரி, நல்ல படம் கையில் இருக்கிறது. அதில் எதை உறுதியாகப் படிக்கலாம்? நான் முதலில் பார்ப்பது தூண்களை. பசால்ட் குளிரும்போது விரிசல்கள் குளிரும் முகத்துக்குச் செங்குத்தாக உள்நோக்கி வளர்ந்து தூண்களாகின்றன. ஆகவே தூண்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதே லாவா எதன்மேல் சாய்ந்து குளிர்ந்தது என்பதைச் சொல்லிவிடும். நேராக நிற்கும் தூண்கள் தட்டையான தரையைக் குறிக்கும். சுவருக்கு அருகே வந்ததும் தூண்கள் படுத்துக்கொண்டால், அங்கே ஒரு பழைய பள்ளத்தாக்குச் சுவர் இருந்தது, லாவா அதை ஒட்டிக் குளிர்ந்தது என்று பொருள். இன்றைக்கு அந்தப் பழைய சுவர் அரித்துப் போயிருந்தாலும்கூட, படுத்த தூண்கள் அது இருந்த இடத்தைக் காட்டும். பள்ளத்தாக்கு லாவாவில் என்னைக் கேட்டால் இதைவிடப் பயனுள்ள தடயம் வேறில்லை. இது முழுக்க முழுக்க வடிவம் சார்ந்தது என்பதால் படம் இதில் ஏமாற்றுவது அரிது. கீழே ஒழுங்கான தடித்த தூண்களும் மேலே விசிறி விசிறியாகக் கலைந்த மெல்லிய தூண்களும் இருந்தால், மேலிருந்து தண்ணீர் விரிசல்களுக்குள் இறங்கி வேகமாகக் குளிர்வித்தது என்பது பரவலான விளக்கம். அடைபட்ட ஆறு லாவாவின் மேல் வழிந்தால் இப்படி ஆகலாம். ஆனால் கனமழை, சிற்றோடை என்று தண்ணீர் வேறு வழியிலும் வந்திருக்கலாம். ஆகவே தூண்களின் சாய்வை நான் ‘உறுதி’ என்ற பக்கத்திலும், கலைந்த தூண்களிலிருந்து ஆற்றை ஊகிப்பதை ‘இருக்கலாம்’ என்ற பக்கத்திலும் எழுதி வைப்பேன்.

அடுத்தது, தண்ணீரைச் சந்தித்த லாவா. ஏரிக்குள் லாவா நுழையும்போது தலையணைகளும் நொறுங்கிய கண்ணாடித் துகள்களும் சாய்வான அடுக்குகளாகச் சரிந்து விழும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே அதே லாவா சாதாரணமாகப் பரவி உறையும். ஆக, கீழே சாய்ந்த அடுக்குகள், மேலே கிடைமட்டமான திடப் பாறை, நடுவே ஒரு கோடு. லாவா வந்த சமயத்தில் ஏரியின் நீர்மட்டம் அந்தக் கோட்டில் இருந்தது. எந்தக் கருவியும் இல்லாத காலத்து நீர்மட்டத்தைப் பாறையே குறித்து வைத்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். பனோரமாவில் அந்தக் கோட்டை நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் பின்தொடரலாம். அது மேலே ஏறிக்கொண்டே போனால், லாவா பாய்ந்துகொண்டிருக்கும்போதே ஏரியும் உயர்ந்தது என்று கொள்ள இடமுண்டு. இதில் ஓர் எச்சரிக்கை. கண்ணாடித் துகள்கள் தண்ணீரோடு வினைபுரிந்து மஞ்சள், செம்பழுப்பு நிறமாக மாறும். அந்த நிறத்தை வைத்தே பலர் தண்ணீர் லாவாவைத் தேடுகிறார்கள். மேலிருந்து வழிந்த செம்மண், இரும்புக் கறை, பாசிக்காளான் எல்லாமே தூரத்திலிருந்து அதே நிறம் காட்டும். வடிவம் ஒத்துப் போகாமல் நிறம் மட்டும் ஒத்துப் போனால் நம்பாதீர்கள்.

கூழாங்கற்களிலும் இதே போல ஒரு வரம்பு இருக்கிறது. 15 செ.மீ. கல்லுக்கு மேலே சொன்ன படத்தில் பதினோரு பிக்சல்தான். உருண்டையா, முனை கூர்ந்ததா என்று சொல்லலாம். ஆற்றில் உருண்டு வந்ததா, மேலிருந்து சரிந்து விழுந்ததா என்ற கேள்விக்கு அது போதும். அந்தக் கல் கிரானைட்டா ரையோலைட்டா என்று சொல்ல முடியாது. தூரத்து மலையிலிருந்து வந்த கல் அதில் இருக்கிறதா என்பதுதான் ஆற்றின் பழைய பாதையைச் சொல்லும். அதற்கு ஒருவர் அங்கே போய்க் கல்லை உடைத்துப் பார்த்தாக வேண்டும்.

இப்போது பெரிய பொறிக்கு வருகிறேன். பனோரமா ஒரே புள்ளியில் நின்று எடுப்பது. அதில் ஆழம் என்பதே கிடையாது. எதிர்ச்சுவரில் ஒரு லாவாத் துண்டு முன்னால் நிற்கிறது, அதற்கு 300 மீட்டர் பின்னால், ஒரு பக்கவாட்டு ஓடைக்குள், வேறொரு லாவாத் துண்டு கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. படத்தில் இரண்டாவது துண்டு முதல் துண்டின் தலையில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். ‘பின்னால்’ இருப்பது ‘மேலே’ இருப்பதாக மாறிவிடுகிறது. சாதாரணப் பாறைச் சுவரில் இது சிறு தொந்தரவு. பள்ளத்தாக்கு லாவாவில் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததா, ஒன்றின் பக்கத்தில் ஒன்று ஒட்டியதா என்பதுதான் மொத்த ஆய்வே. அங்கே இந்தப் பொறியில் விழுந்தால் வரலாறு தலைகீழாகிவிடும். இதற்கு ஒரே மருந்து, வேறோர் இடத்துக்கு நகர்ந்து மறுபடி எடுப்பது. சுவர் 1 கிலோமீட்டர் தூரம் என்றால் 100 முதல் 200 மீட்டர் தள்ளி இன்னொரு பனோரமா எடுங்கள். உண்மையாகவே தொட்டுக்கொண்டிருக்கும் பாறைகள் இரண்டு படத்திலும் அதே இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். முன்னும் பின்னுமாக இருப்பவை ஒன்றுக்கொன்று நகர்ந்துவிடும். இப்படிப் பல நிலைகளிலிருந்து எடுத்த படங்கள் இருந்தால் ஃபோட்டோகிராமெட்ரி, அதாவது படங்களிலிருந்து அளவெடுக்கும், மென்பொருள் முப்பரிமாண உருவமும் கொடுக்கும். ஒரே முக்காலியில் நின்று ஆயிரம் படம் எடுத்தாலும் அது கொடுக்காது. இதைப் பலர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள்.

சாய்வு இன்னொரு சிக்கல். லாவாவின் மேல்தளம் உங்கள் கண் மட்டத்துக்கு 100 மீட்டர் மேலே, முழுக்கக் கிடைமட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டர் தூரத்தில் அது 11 பாகை உயரத்தில் தெரியும். அதே தளம் பள்ளத்தாக்கு வழியே 1,500 மீட்டர் தள்ளிப் போகும்போது 4 பாகைக்கும் கீழே வந்துவிடும். படத்தைப் பார்ப்பவர் லாவா கீழ்நோக்கிச் சரிவதாகச் சத்தியம் செய்வார். மேட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்து எடுத்தால் இதற்கு நேரெதிராக, தூரம் போகப்போக ஏறுவது போலத் தெரியும். உண்மையான லாவாத் தளத்தின் சாய்வு கிலோமீட்டருக்குச் சில மீட்டர்தான் இருக்கும். அதாவது ஒரு பாகையின் சிறு பகுதி. இதைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. நீங்கள் ஆராயும் கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் எதிர்க்கரையில் நின்று எடுக்க முடிந்தால், கிடைமட்டக் கோடு படத்திலும் கிடைமட்டமாகவே வரும். முடியாவிட்டால் லேசர் தூரமானியால் அந்தக் கோட்டில் சில புள்ளிகளுக்குத் தூரமும் கோணமும் அளந்து கொள்ளுங்கள். கேமரா நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் உயரமும் குறித்து வையுங்கள். இந்த நாலைந்து எண்கள் இருந்தால்தான் அந்தப் படம் அளவுத் தரவு ஆகும்.

உயரத்தை நம்பி லாவாத் துண்டுகளை இணைக்கும் ஆபத்து படத்தோடு நிற்பதல்ல என்பதற்குக் கிராண்ட் கேன்யன் சாட்சி. யூயின்கரெட் எரிமலைப் புலத்திலிருந்து லாவா அருவிகளாக விளிம்பைத் தாண்டிக் கொலராடோ ஆற்றில் விழுந்ததை 1869-ல் ஆய்வுப் பயணமாகப் படகில் போன ஜான் வெஸ்லி பவலே கண்டு வியந்திருக்கிறார். நிலவியலாளர் கென்னத் ஹாம்பிளின் பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், சுவர்களில் ஒட்டியிருக்கும் துண்டுகளின் உயரம், அவை ஒன்றையொன்று தொடும் விதம், வடிவம் ஆகியவற்றைக் கொண்டு குறைந்தது 13 லாவா அணைகளை இனங்கண்டு வரிசைப்படுத்தினார். பாறையில் பொட்டாசியம் சிதைந்து சேரும் ஆர்கானை அளந்து கணிக்கும் அன்றைய பொட்டாசியம்-ஆர்கான் வயதுகள் 18 லட்சம் ஆண்டு வரை போயின. பிறகு அதைவிடத் துல்லியமான ஆர்கான்-ஆர்கான் முறை வந்தது. ரயன் குரோவும் உடன் பணியாற்றியவர்களும் 2015-ல் வயது, வேதியியல், கள வரைபடம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது முடிவு மாறியது: ஏறத்தாழ 8,50,000 முதல் 1,00,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் சுமார் 17 அணைகள். பழைய வரிசையும் பல இடங்களில் கலைந்தது. அங்கே டோரோவீப், ஹரிக்கேன் என்ற இரண்டு நிலப்பிளவுகளும் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டி, லாவா வந்த பிறகும் நிலத்தை இறக்கியிருக்கின்றன. பிளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே லாவா வெவ்வேறு உயரத்தில் இருக்கும். ஹாம்பிளினின் களப்பணியைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை; அந்த அடித்தளம் இல்லாமல் பின்னால் வந்த எதுவும் நடந்திருக்காது. அவ்வளவு கூர்ந்த கண்ணுக்கும் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துக் கோக்க முடியாத பாறைகள் இவை. கிகாபிக்சல் படம் அந்தக் கண்ணைக் கூர்மையாக்கும், வயதை அது சொல்லாது. ஒவாய்ஹியிலும் துண்டுகளை இணைத்தது படமல்ல; வேதியியல், பாறையில் பதிந்த பழைய புவிக்காந்தத் திசை, வயதுக் கணிப்பு எல்லாம் சேர்ந்துதான்.

கிராண்ட் கேன்யனில் இன்னும் தீராத ஒரு கேள்வியும் இருக்கிறது. அங்கே சில அணைகள் திடீரென உடைந்து பெருவெள்ளம் விட்டன என்று காசாண்ட்ரா ஃபென்டன் குழு 2000-களில் காட்டியது. ஆற்று மட்டத்துக்கு வெகு உயரத்தில் கிடக்கும் பெரும் பசால்ட் பாறைக் குவியல்கள் அதற்குச் சான்று. ஒவாய்ஹியில் அப்படி எதுவும் இல்லை. இரண்டும் லாவா அணைகள்தான். ஒன்று உடைந்ததும் மற்றது நின்றதும் ஏன்? கிராண்ட் கேன்யனின் செங்குத்தான இடுக்கு, தளர்வான சுவர்ச் சரிவுகளின்மேல் லாவா உட்கார்ந்தது, தண்ணீரில் நொறுங்கிய பலவீனமான பாறை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அணைகளுக்குப் பின்னால் ஏரிகள் எவ்வளவு காலம் நின்றன, எத்தனை அணைகள் ஓட்டையாகத் தண்ணீரைக் கசியவிட்டன என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பனோரமா பங்களிக்கக்கூடிய இடம் இது என்று நான் நம்புகிறேன்: அணையின் அடித்தளம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது சுவரில் தெரிகிற விஷயம், அதையும் சில இடங்களில் மட்டுமல்லாமல் முழு நீளத்துக்கும் பார்த்தாக வேண்டும்.

பழைய படங்கள் இன்னொரு வகையிலும் உதவும். கிராண்ட் கேன்யனில் உள்ள லாவா ஃபால்ஸ் என்ற புகழ்பெற்ற நீர்விரைவு லாவா அணையின் எச்சம் என்றே நெடுங்காலம் பலர் எண்ணினார்கள். ராபர்ட் வெப்பும் உடன் பணியாற்றியவர்களும் பழைய புகைப்படங்கள் எடுத்த அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்து ஒப்பிட்டார்கள். தென்கரையில் உள்ள ப்ராஸ்பெக்ட் பள்ளத்தாக்கிலிருந்து பாய்ந்து வரும் கற்சேற்று ஓட்டங்கள்தான் அந்த நீர்விரைவை உருவாக்குகின்றன என்பது தெளிவானது. 1995-ல்கூட அப்படி ஒன்று வந்து ஆற்றை நெருக்கியது. நீங்கள் இன்று எடுக்கும் பனோரமாவும் ஐம்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கப் போகும் படம் என்ற நினைப்போடு எடுங்கள்.

ட்ரோன் பற்றிக் கேட்டீர்கள். அளவுகள்தான் முக்கியம், அனுமதியும் இருக்கிறது என்றால் ட்ரோன் ஃபோட்டோகிராமெட்ரிதான் சிறந்தது, தயக்கமே வேண்டாம். ‘பின்னால்-மேலே’ குழப்பத்தை அது அடியோடு தீர்த்துவிடுகிறது. ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் ட்ரோன் பறக்கவிடத் தடை இருக்கிறது. கிராண்ட் கேன்யன் அதற்குள் வருகிறது. ஆய்வுக்கு விதிவிலக்கு வாங்குவது எளிதல்ல. பள்ளத்தாக்குக் காற்றும் பேட்டரி நேரமும் வேறு சிக்கல்கள். முக்காலியும் லென்ஸும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் விளிம்பில் நின்று வேலை செய்யும். முப்பரிமாண உருவத்தைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பதைவிட, முழுச் சுவரையும் ஒரே ஒளியில் ஒரே பார்வையில் பார்க்கும்போது எனக்குக் கேள்விகள் அதிகம் தோன்றுகின்றன. இது என் பழக்கமாகவும் இருக்கலாம்.

எடுக்கும் முறை பற்றிச் சுருக்கமாக: வெளிச்ச அளவு, நிறச் சமநிலை, குவியம் மூன்றையும் கையால் நிலைநிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள், தானியங்கியில் விட்டால் கரும்பாறை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறமாக வரும், பாறை மாறுகிறதா படம் மாறுகிறதா என்றே தெரியாது. துளையை எஃப்/8 அளவில் வையுங்கள். எஃப்/16, எஃப்/22 என்று சுருக்கினால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கம் போய்விடும். காலையில் வெயில் ஏறும் முன் எடுங்கள். கறுத்த பசால்ட் சூடாகிவிட்டால் நடுவில் உள்ள காற்று அலையலையாக நெளியும். 1 கிலோமீட்டர் தூரத்தில் அந்த நெளிவுதான் உண்மையான எல்லை, லென்ஸ் அல்ல. வரிசையை மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக எடுத்தால் அடுத்தடுத்த படங்களில் நிழல் நகர்வது குறைவாகத் தெரியும். சாய்ந்த வெயில் தூண்களையும் படிகளையும் எடுத்துக் காட்டும். மெல்லிய மேகத்தின் சமமான ஒளி நிறங்களைக் காட்டும். வாய்ப்பிருந்தால் இரண்டிலும் எடுங்கள். ஒரே சுவர் இரண்டு வேறு பாறைகள் போலத் தோன்றுவதைப் பார்ப்பீர்கள்.

1882-ல் வெளியான, நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டனின் கிராண்ட் கேன்யன் ஆய்வுக்கு வில்லியம் ஹென்றி ஹோம்ஸ் வரைந்த அகலக் கோட்டோவியங்களை நிலவியலாளர்கள் இன்றும் அடுக்கடுக்காகப் படிக்கிறார்கள். ஹோம்ஸ் எந்தக் கோட்டை வரைய வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்து வரைந்தார். படம் அந்த முடிவைத் தள்ளிப் போட உதவுகிறது. ஆனால் முடிவு செய்யாமலே விட்டுவிடவும் இடம் கொடுக்கிறது. கணினியில் ஆயிரம் படங்கள் கிடந்து, ஒரு கோடுகூட வரையப்படாமல் போன ஆய்வுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது: பனோரமாவை ஒட்டிய உடனே, களத்தில் இருக்கும்போதே, அதன்மேல் கோடு போட்டுவிடுங்கள். கண்ணால் தொடர்ச்சியாகப் பார்த்த கோடு முழுக்கோடு. சரிவுக் கற்கள் மறைத்து, ஊகித்து இணைத்தது இடைவெளி விட்டுப் போடும் கோடு. நிறத்தை மட்டும் வைத்துப் போட்டதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பிறகு கோடு போடாத படத்தை இன்னொருவரிடம் கொடுத்து அவரையும் வரையச் சொல்லுங்கள். இரண்டு பேரின் கோடும் எங்கே பிரிகிறதோ, அடுத்த நாள் கயிறு கட்டியோ படகில் போயோ, சுத்தியலோடு நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். மாதிரி எடுத்த புள்ளியைப் படத்தின்மேலேயே குறித்து, எண் போட்டு, மூலப் படங்களை ஒட்டாத நிலையிலேயே தனியாகப் பத்திரப்படுத்துங்கள். ஒட்டும் மென்பொருள்களும் படங்களை ஏற்றி வைக்கும் தளங்களும் மாறிக்கொண்டே இருக்கும். மூலப் படங்கள் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.